தரிசு என்று சொன்னது யார்?

வல்லம் வடகால் என்று பஸ் பலகையில் எழுதியிருக்கிறது. மூன்று ஷிப்டுக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அந்தப் பலகையைப் பார்த்து இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். அந்தப் பெயரை நின்று படித்தவர்கள் எத்தனை பேர்? கால் என்றால் வாய்க்கால். ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வருவது வரத்துக்கால். நிரம்பிய ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டு போவது போக்குக்கால். வடகால் என்று உழவன் காதில் விழுந்தால் வடக்குப் பக்கத்து வாய்க்கால் என்றுதான் அவனுக்குப் பொருள்படும். ஊர்ப் பெயரிலே கால் இருக்கிறது. ஊரிலே அந்தக் கால் எங்கே? மனை எண் போட்டு அச்சடித்த தொழிற்பேட்டைப் படத்தை விரித்துத் தேடிப் பாருங்கள், தோழர்களே. கம்பெனிப் பெயர்கள் தென்படும், நூறடிச் சாலைகள் தென்படும். காலைத் தேடிக் கண்டுபிடித்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் எந்தத் தொழிற்பேட்டை விரிவாக்கம் பற்றிப் பேச்செடுத்தாலும் கனவான்கள் முதலில் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “அங்கே என்ன இருக்கிறது? முள்ளும் சரளைக் கல்லும் செம்மண் பள்ளமும்தானே! வெறும் தரிசு!” இந்த ஒற்றை வார்த்தையின் பலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கை மாறியிருக்கிறது. ஆகவே கம்பெனிகளை விசாரிப்பதற்கு முன்னால் இந்த வார்த்தையைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

முதலில் பூமியைப் பார்ப்போம்.

நமது பக்கம் சமவெளி என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடு மேய்த்தவனுக்கும் ஏர் ஓட்டியவனுக்கும் தெரியும், இங்கே ஒரு முழம் நிலம்கூட மட்டமாக இல்லை என்று. செம்மண்ணும் சரளையும் கலந்த மேடுகள், அவற்றை மழைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டாக்கிய ஓடைப் பள்ளங்கள், ஓடைகள் வந்து சேரும் தாழ்வுகள், அந்தத் தாழ்வுகளின் கிழக்கே பிறை போல வளைத்துப் போட்ட ஏரிக் கரைகள், கரைக்குக் கீழே நன்செய். ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரத்து. சின்ன ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். பெரிய ஏரி உடையாமல் தாங்கிக் கொள்வதும் அதுதான். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறைக் கணக்கில் வரும் ஏரிகள் மட்டும் தொள்ளாயிரத்துக்கு மேல். பஞ்சாயத்துக் குளம் குட்டைகளை யார் எண்ணினார்கள்?

காவேரி குடகு மலையில் பிறக்கிறது. அதற்கு ஒரு தலை இருக்கிறது, உடல் இருக்கிறது, இரண்டு கரை இருக்கிறது. எங்கே ஆறு, எங்கே நிலம் என்று கோடு போட்டுக் காட்ட முடியும். நமது அடையாறு அப்படி அல்ல. அதற்கு மலையும் இல்லை, ஊற்றும் இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் வழியும்போது அந்த வழிசலே அடையாறு. செம்பரம்பாக்கத்தின் உபரித் தண்ணீர் திருநீர்மலைக்கு அருகில் வந்து அதோடு சேர்கிறது. கூவம் ஆறு கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிகிறது. அந்தக் கொசஸ்தலையாறோ காவேரிப்பாக்கம் ஏரியின் உபரியில் தொடங்குகிறது. காவேரிப்பாக்கத்துக்குத் தண்ணீர் பாலாற்று அணைக்கட்டிலிருந்து. பாலாறே ஒரு காலத்தில் வடகிழக்கே திரும்பி இன்றைய கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போனது என்று நிலவியல் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கிழட்டுப் பாலாறு என்று பொருள்படும் விருத்த க்ஷீர நதி என்ற பெயர் அதற்கு உண்டு. ஆறு இடம் மாறிப் போனது. அது விட்டுப் போன பள்ளங்களில்தான் நம் பாட்டன்மார்கள் கரை போட்டுத் தண்ணீரைப் பிடித்தார்கள்.

ஆகவே நம் வட்டாரத்தில் ஆறு என்பது ஒரு கோடு அல்ல, ஒரு வலை. ஏரி அதன் முடிச்சு, கால் அதன் நூல். அந்த வலைக்குள் மழையைக் கூட்டிச் சேர்ப்பது எது? நீங்கள் தரிசு என்கிறீர்களே, அந்த மேடுதான்! ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அதைச் செம்மண் மேடு வாங்கி, பாதியைக் குடித்து, மீதியை ஓடை வழியாக ஏரிக்கு அனுப்புகிறது. மேட்டைச் சிமெண்டால் மூடினால் என்ன நடக்கும்? கார்த்திகையில் வெள்ளம், சித்திரையில் லாரித் தண்ணீர். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. மதகு திறந்த நீர்க்கட்டியைக் கேட்டால் போதும்.

இந்தத் தரிசு என்ற வார்த்தைக்கு நம் ஜில்லாவில் ஒரு சரித்திரம் உண்டு. அது அழகான சரித்திரம் அல்ல.

செங்கற்பட்டு ஜில்லா மிராசு முறைக்குப் பெயர் போன ஜில்லா. வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்து நன்செய் மட்டும் அல்ல, மேடு, புதர், காடு எல்லாம் தன் பங்கு என்று மிராசுதார் சாதித்தான். பரம்பரை பரம்பரையாக அந்தப் பண்ணையில் உழைத்த சேரி மக்கள் ஒரு துண்டுத் தரிசுக்குத் தர்க்காஸ்து மனுப் போட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை என்று தள்ளிவிடுவார்கள். 1891ல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் இந்த அநியாயத்தைத் தம் அறிக்கையில் எழுதி வைத்தார். அதன் பிறகுதான் 1892ல் பஞ்சமி நில உத்தரவு பிறந்தது. தரிசை ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுப்பது, அதை மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்பது அந்த ஏற்பாடு. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது? அதைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு 1994 அக்டோபரில் இதே ஜில்லாவின் காரணையில் துப்பாக்கிக் குண்டுதான் பதிலாகக் கிடைத்தது.

பாருங்கள் வேடிக்கையை! கூலிக்காரன் கேட்டபோது “அது தரிசு அல்ல, மிராசு” என்றார்கள். கம்பெனி கேட்டபோது “அது நிலமே அல்ல, தரிசு” என்கிறார்கள். மேடு அதே மேடுதான். கேட்பவன் யார் என்பதைப் பார்த்து அதன் பெயர் மாறுகிறது.

செம்மண் பள்ளத்துக்கு மதிப்பு இல்லை என்பவர்களை நாம் இன்னோர் இடத்துக்கு அழைத்துப் போக விரும்புகிறோம். வல்லத்திலிருந்து வடக்கே, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தில் அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். அங்கே போய்ப் பார்த்தால் கண்ணுக்கு விருந்தாக ஒன்றும் இல்லை. முள் புதர், மழை அரித்த செம்மண் ஓடைகள், கால் இடறும் கூழாங்கற்கள். தாசில்தார் கண்ணுக்கு அச்சுப் பிசகாத தரிசு. ஆனால் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அந்த ஓடைப் பள்ளத்தில்தான் கற்கோடரிகளைப் பொறுக்கினார்கள். அதே வருஷம் மே மாதம் பல்லாவரத்தில் ஃபுட் முதல் கல்லை எடுத்திருந்தார். பிறகு 1999லிருந்து சாந்தி பப்பு முதலிய ஆராய்ச்சியாளர்கள் அத்திரம்பாக்கத்தில் ஆழக் குழி வெட்டி அடுக்கடுக்காக ஆராய்ந்தார்கள். அடியில் கிடைத்த கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011ல் வெளியிட்டார்கள். மேலடுக்கில் கிடைத்த இன்னொரு வகைக் கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்று 2018ல் வெளியிட்டார்கள். உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே புதையல் கிடைக்கவில்லை, ராஜா கிரீடம் கிடைக்கவில்லை. கிடைத்தது வேலைக் கருவி. குரங்கு மனிதனானதில் உழைப்புக்கு உள்ள பங்கு என்ன என்று எங்கெல்ஸ் 1876ல் எழுதினாரே, அந்த உழைப்பின் கைரேகை நம்முடைய ஓடைப் பள்ளத்தில் பதிந்திருக்கிறது. ஆறு கூழாங்கல்லைக் கொண்டு வந்து போட்டது. கை அதை உடைத்துக் கூராக்கியது. மழை மண்ணை அரித்து நமக்குக் காட்டியது. ஓடை அரிக்காவிட்டால் ஒரு கல்லையும் நாம் கண்டிருக்க மாட்டோம்.

அத்திரம்பாக்கம் தூரத்தில் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஒரகடத்துக்கு அருகிலேயே வடக்குப்பட்டு என்ற ஊரில் 2022ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகள் வந்தன; மேலடுக்கில் தங்க அணித் துண்டுகளும் ரோமாபுரியிலிருந்து வந்த மண்ஜாடிச் சில்லுகளும் வந்தன. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் கண் அயரும் தோழர்கள் தினமும் கடந்து போகும் மண் அது. இன்னும் எத்தனை வடக்குப்பட்டுகள் கிராவல் லாரியில் ஏறிச் சாலைக்கு அடியில் போய்ச் சேர்ந்தனவோ!

இப்படிப்பட்ட ஆற்று அரிப்பு நிலத்தைச் சட்டம் போட்டுக் காப்பது பைத்தியக்காரத்தனம் என்று கனவான்கள் சொல்வார்கள். அவர்கள் எப்போதும் கும்பிடும் அமெரிக்காவையே கேட்போம். அங்கே மொண்டானா ராஜ்யத்துச் சமவெளியில் மிசூரி ஆறு ஓடுகிறது. அதன் இருமருங்கிலும் மழையும் ஆறும் பிளந்து போட்ட பள்ளங்களும் மொட்டை மேடுகளும் மைல் கணக்கில் இருக்கின்றன. மிசூரி பிரேக்ஸ் என்று அதற்குப் பெயர். ஏர் ஓட்ட லாயக்கில்லாத பூமி. அந்த ஆற்றில் 149 மைல் நீளத்தை 1976ல் சட்டப்படி காவலுக்குள் கொண்டு வந்தார்கள். 2001 ஜனவரியில் கரையோரத்துச் சர்க்கார் நிலம் சுமார் 3,77,000 ஏக்கரைத் தேசிய நினைவுச் சின்னம் என்று அறிவித்தார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் காத்தால் ஆறு நிலைக்காது, ஆறு செதுக்கிய பள்ளமும் மேடும் சேர்ந்துதான் ஆறு என்பதை முதலாளித்துவத்தின் தலைவீடே ஒப்புக் கொண்டிருக்கிறது.

ஆனால் அமெரிக்காவுக்கு நாம் மாலை போடப் போவதில்லை. அந்த மண்ணில் வேட்டையாடி வாழ்ந்த பிளாக்ஃபீட், அசினிபோயின், குரோ மக்களை ஒதுக்கிடங்களில் அடைத்து, 1877ல் அந்த ஆற்றைக் கடந்து ஓடிய நெஸ்பெர்ஸ் மக்களைப் பட்டாளம் விட்டுத் துரத்திப் பிடித்து, மனிதரை வெளியேற்றிய பிறகு நூறாண்டு கழித்து நிலத்துக்குக் காவல் போட்டார்கள். இன்றைக்கும் பெரிய பண்ணைக்காரர்களின் மாடுகள் அங்கே லைசென்ஸ் வாங்கிக் கொண்டு மேய்கின்றன. காவல் என்ற சொல்லுக்குள் யாருக்காகக் காவல் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. இதை மறந்துவிட்டு “ஆற்றைக் காப்போம்” என்று கோஷம் மட்டும் போட்டால் நாம் ஏமாந்து போவோம்.

அமெரிக்கா வரை போவானேன்? நம் பக்கத்திலேயே அதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. வேடந்தாங்கல். மதுராந்தகத்துக்கு அருகே சுமார் 30 ஹெக்டேர் ஏரி. கார்த்திகை, மார்கழியில் ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து கடம்ப மரத்தில் கூடு கட்டுகின்றன. இதைக் காத்தது எந்த மகாராஜா? எந்த வனத் துறை? ஒருவரும் இல்லை. ஊர் ஜனங்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று உழவனுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவை சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஊராரின் உரிமையை ஒப்புக் கொண்டு எழுத்து கொடுத்தார். பறவைச் சரணாலயம் என்ற சட்டப் பெயரெல்லாம் நூறாண்டுக்கு மேல் கழித்து வந்தவை. பாடுபடுகிறவனின் உரிமையும் ஏரியின் காவலும் ஒன்றாக இருந்த இடத்தில்தான் காவல் நிலைத்தது.

1998ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தார்கள். நல்லது. அது வெறும் ஏரிக்கான காவல் அல்ல. பறவை இரை தேடும் வயல், தண்ணீர் வரும் ஓடை, பக்கத்துத் தாங்கல் எல்லாம் சேர்ந்த காவல். வலை என்று மேலே சொன்னோமே, அதைச் சட்டம் ஒரு தடவையாவது புரிந்து கொண்டது. ஆனால் 2020ல் என்ன நடந்தது? அந்த ஐந்தை மூன்றாக்க வேண்டும் என்று மாநில வனத் துறையே டெல்லிக்குக் கோப்பு அனுப்பியது! அந்த எல்லைக்குள் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி தன் ஆலையை விஸ்தரிக்க விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னார்கள். நாம் என்ன சொல்வது? பூனை கண்ணை மூடிக் கொண்டது என்று வைத்துக் கொள்வோம். ஜனங்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள், பத்திரிகைகள் எழுதின, விஷயம் நாறிப் போயிற்று. 2022ல் வேடந்தாங்கலும் அடுத்துள்ள கரிக்கிலியும் ராம்சார் உடன்படிக்கையில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களாகச் சேர்க்கப்பட்டன.

வேடந்தாங்கலுக்குப் பறவை இருந்தது, உலகம் கவனித்தது. வல்லத்து ஏரிக்கும் ஒரகடத்து ஓடைக்கும் வெளிநாட்டுப் பறவையின் சிபாரிசு இல்லை. அதனால் அவை தண்ணீர் சுமக்கவில்லையா?

சுமந்ததா இல்லையா என்று 2015 டிசம்பர் முதல் தேதி காட்டியது. மேல் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்து செம்பரம்பாக்கத்தில் வந்து விழுந்தன. 24 அடி ஏரி. அன்று இரவு திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி. அடையாறு அதைக் கொள்ளவில்லை. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் உறங்கிக் கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் ஆறு போனது. அந்தப் பருவ மழையில் தமிழ்நாடு முழுவதும் நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மதகை நிர்வகித்த விதம் பற்றி மத்தியத் தணிக்கை அறிக்கை 2018ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று அது சொன்னது.

பாவம் யாருடையது, தண்டனை யாருக்கு? வெள்ளம் வடிந்ததும் அதிகாரிகள் அடையாற்றங்கரைக்கு வந்தார்கள். ஆக்கிரமிப்பு என்று குடிசைகளில் எண் எழுதினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் கொண்டு போய் இறக்கினார்கள். அந்த இடங்களே தாழ்வான சதுப்புப் பூமி! மழை வந்தால் அங்கேயும் தண்ணீர்தான். ஆற்றைக் காப்பதற்காக ஏழையை அப்புறப்படுத்தி, அவனை இன்னொரு நீர்ப் பூமியில் தள்ளிவிட்டார்கள். ஆற்றில் கால் வைத்துக் கட்டிய பெரிய கட்டடங்களில் எத்தனைக்கு அந்தச் சுண்ணாம்பு எண் விழுந்தது?

பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்று என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் சர்க்கார் குத்தகை கொடுத்திருந்தால் அதை விதிவிலக்காகக் கருதலாம் என்றும் சொல்லியிருக்கிறது. முதல் பாதியை அதிகாரிகள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இரண்டாம் பாதி அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இதற்கு மேலும் ஒரு படி போனார்கள் 2023ல். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்காக) சட்டம் என்று ஒரு சட்டம். ஏப்ரல் மாதம் சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்று சர்க்கார் முத்திரை குத்திவிட்டால், அதற்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும் மொத்த நிலத்தையும் ஒன்று சேர்த்துக் கொடுக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. நீர்நிலைக்குக் கேடு வராது, கொள்ளளவு குறையாது என்று சமாதானம் வேறு. நாம் கேட்கிறோம்: கால் என்பது சட்டிப் பானையா, இங்கிருந்து எடுத்து அங்கே வைக்க? தண்ணீர் சாய்வைப் பார்த்து ஓடுகிறது, அரசாணையைப் பார்த்து ஓடுவதில்லை. நூறு ஏக்கர் வைத்திருக்கும் சிறிய முதலாளிக்குக்கூட இந்தச் சலுகை கிடையாது, கவனித்தீர்களா? ஓடையை விழுங்க வேண்டும் என்றால் பெரிய வாயாக இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் சாரம்.

பரந்தூரைப் பாருங்கள். 2022ல் அறிவித்த விமான நிலையத் திட்டத்துக்கு 13 கிராமங்களின் நிலம் வேண்டுமாம். பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக் கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை வரும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் குறுக்கே போகிறது. விமான ஓடுதளத்துக்கு அடியில் கால்வாய் எப்படி ஓடும்? ஏகனாபுரத்து மக்கள், வேலை முடிந்து வந்த பிறகு, இரவுக்கு இரவு தெருவில் உட்கார்ந்து கேட்ட கேள்வி அதுதான். அந்தக் கேள்வி ஏகனாபுரத்துக்கு மட்டும் உரியது அல்ல. மேலே கால்வாய் அறுந்தால் கீழே ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கும், அதைத் தாண்டிச் செம்பரம்பாக்கத்துக்கும் சேதி போகும்.

இங்கே ஆலைத் தோழர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: “என்ன ஐயா, கம்பெனி வந்ததால்தானே எனக்கு வேலை? உங்கள் பேச்சைக் கேட்டால் நான் திரும்ப ஆடு மேய்க்க வேண்டியதுதானா?”

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறோம். நாம் தொழிலாளி வர்க்கக் கட்சி. ஆலை வேண்டாம் என்று நாம் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லப் போவதும் இல்லை. ஆலை மேட்டிலா, ஓடை வாயிலா என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்வது கம்பெனிக்காரனா, ஊராரா என்பதுதான் கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை மறந்துவிட்டீர்களா? 2006ல் திறந்தார்கள். உலகத்திலேயே பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்று என்று மேளம் கொட்டினார்கள். 2014 நவம்பரில் மூடினார்கள். ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் கைக்குக் கிடைத்ததை வாங்கிக் கொண்டு ஊருக்குப் போனார்கள். மூலதனத்துக்குச் சிறகு இருக்கிறது. லாபம் இன்னோர் இடத்தில் கூடினால் பறந்து போகும். மூடிய கால் பறந்து வராது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். 706 கோடி ரூபாய்ச் செலவு. நல்ல கூரையும் கட்டிலும் கிடைத்தால் நமக்கும் சந்தோஷம்தான். 2021 டிசம்பரில் இதே வட்டாரத்து ஆலைத் தொழிலாளிப் பெண்கள் கெட்டுப் போன விடுதிச் சாப்பாட்டால் நோயில் விழுந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்து போராடிய பிறகுதான் விடுதி என்ற பேச்சுக்கே மரியாதை வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இப்போது கேள்வி இது: ஓர் ஊரளவு ஜனம் ஒரே இடத்தில் குடியிருக்கிறதே, அத்தனை பேருக்கும் குளிக்க, குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அவர்கள் கழிக்கும் தண்ணீர் எந்தத் தாழ்வுக்குப் போகும்? ஆலையின் கூலிப் பட்டியலில் இருக்கும் பெண்ணும், ஏரிக்குக் கீழே நாற்று நடும் பெண்ணும் ஒரே தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும். பல வீடுகளில் அவர்கள் தாயும் மகளும்.

ஆகவே ஓடைச் சண்டை விவசாயிக்கு, கூலிச் சண்டை தொழிலாளிக்கு என்று பிரித்து வைக்கும் சூழ்ச்சிக்கு நாம் பலியாகக் கூடாது. 2024 செப்டம்பர், அக்டோபரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சங்கம் வைக்கும் உரிமைக்காகவும்தான் அத்தனை நாள்! சங்கத்தைப் பதிவு செய்யவே தயங்கிய நிர்வாக இயந்திரம், கம்பெனிக்கு நிலம் சேர்த்துக் கொடுக்க 1997ல் தனிச் சட்டமே செய்து வைத்திருக்கிறது. ஆட்சிகள் மாறின, இந்த அவசரமும் அந்தத் தயக்கமும் மாறவில்லை.

நாம் கேட்பது இது. செம்பரம்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் தண்ணீர் அனுப்பும் ஏரி, தாங்கல், கால், ஓடைப் பள்ளம், மேய்க்கால் மேடு அத்தனையையும் ஒரே வலையாக அளந்து, ஒரே காவல் நிலமாக அறிவிக்க வேண்டும். 2023ம் வருஷத்துச் சட்டத்தை ரத்து செய்ய வேண்டும். காவல் நிலத்தில் ஆடு மாடு மேய்க்கவும், மீன் பிடிக்கவும், ஏரி வண்டல் எடுக்கவும் ஊர்க் கூலி மக்களுக்கு எழுத்து மூலம் உரிமை தர வேண்டும், 1798ல் வேடந்தாங்கலுக்குக் கொடுத்தது போல. கரை பலப்படுத்தும் வேலையையும் தூர் வாரும் வேலையையும் கண்டிராக்டரின் பொக்லைனிடம் விடாமல் நூறு நாள் வேலைக்காரர்களுக்கு நியாயமான கூலியோடு கொடுக்க வேண்டும். கம்பெனி மூடிய கால்களைக் கம்பெனிச் செலவிலேயே தோண்டித் திறக்க வேண்டும். பஞ்சமி நிலம் எங்கெங்கே மாயமாயிற்று என்பதை அதே அளவையில் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும்.

மனு மட்டும் கொடுத்துவிட்டு உட்கார வேண்டாம். மே முதல் தேதி கிராம சபை கூடும் நாள். நமக்கும் அது கொடி ஏற்றும் நாள். காலையில் கொடி ஏற்றிவிட்டு ஆலைத் தோழர்களும் வயல் தோழர்களும் சேர்ந்தே சபைக்குப் போங்கள். ‘அ’ பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லி, ஓடை, வாய்க்கால், ஏரி, மேய்க்கால் என்று எழுதிய சர்வே எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தோழர் நோட்டில் குறித்துக் கொள்ளட்டும். ஊரில் நீர்க்கட்டி வேலை பார்த்த கிழவர் யாராவது இருந்தால் அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வாருங்கள். மாலையில் அந்த நோட்டோடும் அந்தக் கிழவரோடும் ஒவ்வொரு எண்ணுக்கும் நடந்து போய், கால் இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்று பார்த்து, எதிரே குறித்து வைத்து, நமது தாலுகா அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.